எச்சரிக்கை எழுதுவோர் கற்கவேண்டிய கல்வி

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர், உப்புவெளியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் அணைந்து நிற்க, தென்னைகளும் வெங்காயத் தோட்டங்களும் மீன்வாடிகளும் இடையிடையே விரவிக் கிடக்கும் சாம்பல்தீவு என்னும் ஊரை அடைவர். கடலையும் மணற்றரையையும் நம்பிச் சீவனம் நடத்தும் இவ்வூர் மக்களுக்கு அச்செழுத்தோடு அதிக சம்பந்தம் இராது என்று வெளியார் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. வள்ளத்து எஞ்சினோடு வரும் கைநூல், பூச்சிமருந்துப் போத்தலில் ஒட்டிய சிட்டை, ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுக் கொடுக்கும் உறையின்மேல் எழுதிய வேளைக்கணக்கு, விதைப் பையின் பின்புறத்து விவரம், வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்கு விடுக்கும் அறிவித்தல் ஆகிய இவற்றை நம்பியே அவர்களுடைய காரியங்களிற் பெரும்பங்கு நடைபெறுகின்றது. இவற்றுள் ஒரு வாக்கியம் விளங்காமற் போனால் ஒரு போகத்து விளைச்சல் அழியும். சில வேளைகளில் உயிரே போய்விடும்.

இத்தகைய வாசகங்களை எழுதுவதையே சீவனோபாயமாகக் கொண்ட ஒரு வகுப்பார் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். தொழில்நுட்ப எழுத்தாளர் என்றும் தொழில்நுட்பத் தொடர்பாளர் என்றும் அவர்களைச் சொல்லுகின்றோம். சென்னையிலும் பெங்களூரிலும் கொழும்பிலும் கணினி நிறுவனங்களில் இவ்வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் பலர். அரசாங்கத் திணைக்களங்களில் அறிவித்தல்களை மொழிபெயர்ப்போரும், சுகாதாரப் பகுதியின் துண்டுப்பிரசுரங்களை எழுதுவோரும், அப்பெயர் தமக்கு உண்டென்று அறியாவிட்டாலும், இதே தொழிலைச் செய்பவர்களே. இவர்களுக்கு விஷயஞானமும் மொழித்தேர்ச்சியும் வேண்டுமென்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் அவ்விரண்டும் பெற்ற பின்னரும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. வாசிக்கப்போகிறவருடைய வாழ்க்கையை, அவருடைய பழக்கவழக்கங்களை, அவர் அளக்கும் அளவையும் எண்ணும் கணக்கையும் எழுதுகிறவர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தாம் ஒருவரே தேடிக்கொண்டு தம்மோடு அழியவிடாமல், தம் தொழிலாரோடு கூடி ஒரு சங்கமாக இருந்து பெருக்கிப் பின்வருவோருக்குக் கையளித்தலும் வேண்டும். இவ்விரு கல்வியும் இல்லாத எழுத்து, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாததாயினும், வேண்டிய வேளையில் கைவிட்டுவிடும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இதற்குச் சாம்பல்தீவுக் கரையே முதற் சாட்சி. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி காலை, இலங்கை நேரம் 6.58 அளவில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலின் அடியில் நிலம் பிளந்தது. கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தார் அதனை அறிந்து முதலாவது அறிவித்தலை வெளியிட்டனர். அந்த அறிவித்தலோ பசிபிக் சமுத்திரத்து நாடுகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது. அந்நாடுகளுக்கு அபாயம் இல்லை என்பதே அதன் சாரம். இந்து சமுத்திரத்துக்கென ஒரு நிலையமும் அக்காலத்தில் இல்லை. கொழும்பில் எவரை எழுப்பிச் சொல்வது, அவர் யாருக்குச் சொல்வது, அது தமிழிலும் சிங்களத்திலும் எவ்வாறு கரைக்கு வந்து சேர்வது என்ற ஏற்பாடும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. நிலாவெளியும் சாம்பல்தீவும் உள்ளிட்ட இக்கரை முழுவதும் அடிபட்டது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்தில் அலை வருகின்றது என்பதை அறிந்த மனிதர் பூமியில் இருக்கவே செய்தனர். அவர்களுடைய அறிவு நடந்து வருவதற்கு ஒரு பாதைதான் போடப்பட்டிருக்கவில்லை.

அதன் பின்னர் நடந்தவை பல. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் எழுந்தது. 117 என்ற தொலைபேசி இலக்கம் ஊர்களில் அறிமுகமாயிற்று. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. இந்து சமுத்திரத்துக்கும் ஓர் எச்சரிக்கை முறை அமைந்து, இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அதனை நடத்தி வருகின்றன. 2012 ஏப்ரல் 11 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தனர். அலைதான் பெரிதாக வரவில்லை. இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும் எழுத்தாளருடைய கண்ணோடு நோக்குவோர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு.

உலகெங்கும் வழங்கும் சுனாமி அறிவுரைகளில் இரண்டு விதிகள் தலையாயவை. நிலம் பலமாக அதிர்ந்தால் மேட்டுக்கு ஓடுக என்பது ஒன்று. கடல் திடீரென்று பின்வாங்கினால் ஓடுக என்பது மற்றொன்று. சுமாத்திராக் கரையில் வாழ்வோருக்கு இவ்விரண்டும் உயிர்காக்கும் விதிகள். நமது கீழ்க்கரைக்கோ பூகம்பம் பிறந்த இடம் ஆயிரம் மைல் அளவு தொலைவில் இருந்தமையால், ஓடச் சொல்லும் பலமான அதிர்ச்சியொன்று இங்கே வந்து சேரவில்லை. மேலும், கடலடி பிளந்த முறையினால், அப்பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் நீர் முதலிற் பின்வாங்க, மேற்கே இருந்த நமது கரையில் நீர் முதலில் உயர்ந்தது. ஆகவே பிற நாட்டுத் துண்டுப்பிரசுரத்தை எழுத்துப் பிசகாமல் நல்ல தமிழில் பெயர்த்துச் சாம்பல்தீவில் வீடுதோறும் கொடுத்திருந்தாலும், அதனை நம்பி அதிர்ச்சியையும் பின்வாங்குதலையும் எதிர்பார்த்திருந்த ஒருவர் அன்று காலை அவ்விரண்டையும் காணாமலே முதல் நீரேற்றத்தில் அகப்பட்டிருப்பார். இக்கரைக்கு வேண்டிய வாசகம் வேறு. கடல் காரணமின்றி ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே போகவேண்டும். முதல் அலை திரும்பியதும் வள்ளத்தையும் வலையையும் பார்க்க ஓடலாகாது, பின்வரும் அலை பெரிதாக இருக்கக்கூடும். அதிர்ச்சியை உணராவிட்டாலும் அரசாங்கத்தின் வார்த்தை வந்தவுடன் புறப்படவேண்டும். இவ்வளவையும் எழுதுவதற்குப் பூகோளசாஸ்திரமும் தெரிந்திருக்கவேண்டும். அலை வடிந்தவுடன் தன் வள்ளத்தைத் தேடி ஓடும் மனிதனுடைய மனமும் தெரிந்திருக்கவேண்டும். கடன்பட்டு வாங்கிய வள்ளம் அது என்பதை அறியாதவர் அவ்வாக்கியத்தை அழுத்தி எழுதமாட்டார்.

எழுத்தும் அடையாளமும் அயலாருடையனவாக இருந்தமையால் நேர்ந்த பேரழிவு ஒன்றை உலக சரித்திரத்திலிருந்து இங்கே நினைவுகூர்தல் தகும். 1971 ஆம் ஆண்டில், வறட்சியினால் விளைச்சல் இழந்த ஈராக் நாட்டு அரசாங்கம், மெக்சிகோ முதலிய இடங்களிலிருந்து பெருந்தொகையான கோதுமை விதையையும் பார்லி விதையையும் வருவித்தது. பூஞ்சணம் பற்றாதிருக்க அவ்விதைகளுக்கு மீதைல் பாதரசம் என்னும் கொடிய நஞ்சு ஊட்டப்பட்டிருந்தது. உண்ணத்தகாதவை என்று காட்டச் சிவப்புச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளில் எச்சரிக்கை வாசகம் இருந்தது. ஆனால் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மண்டையோடும் எலும்பும் வரைந்திருந்தன. அச்சித்திரம் நஞ்சைக் குறிப்பது என்ற சம்பிரதாயம் ஐரோப்பியருடையது, ஈராக்கியக் குடியானவருக்கு அது ஒன்றையும் உணர்த்தவில்லை. விதை வந்து சேர்வதற்குள் பல இடங்களில் விதைப்புக் காலமும் கழிந்துவிட்டது. வீட்டிலோ பசி. குடியானவர் தானியத்தைக் கழுவினர், சிவப்பு நீங்கியது, சாயத்தோடு நஞ்சும் போயிற்றென்று நம்பினர். கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தோரும் உண்டு; உடனே ஒன்றும் நேரவில்லை. பாதரசத்தின் குணம், பல வாரங்கள் உடம்பில் ஒளிந்திருந்து பின்னரே நரம்பைத் தாக்குவது. 1972 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரிகள் நிரம்பின. சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே மாண்டோர் 459 பேர் என்பது உத்தியோகக் கணக்கு. வீடுகளிற் கிடந்து மாண்டோர் இக்கணக்கிற் சேரார்.

இவ்விபத்தில் எச்சரிக்கை எழுதியவர் தம் கடமையைச் செய்யவில்லை என்று சொல்ல இடமில்லை. சாயம் இட்டனர், சித்திரம் வரைந்தனர், வாசகமும் பொறித்தனர். அம்மூட்டையை அவிழ்க்கப்போகும் மனிதரை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை என்பதே குற்றம். அந்த ஊரிற் பிறந்த ஓர் ஆசிரியரையாவது ஒரு கிராமத்து மருத்துவிச்சியையாவது அழைத்து, இந்தச் சித்திரம் உமக்கு என்ன சொல்லுகிறது என்று ஒரு தரம் கேட்டிருந்தால் போதுமானது.

இனி, இத்தொழிலாரின் சங்கங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் விமானமும் ராடாரும் பெருகியபோது, அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் கைநூல் எழுதுவோர் அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாராயினர். 1953 ஆம் ஆண்டில் பொஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் அவர்கள் தனித்தனிச் சங்கம் கண்டனர். அவை பின்னர் ஒன்றாகி வளர்ந்து, பல நாடுகளிலும் கிளை பரப்பி, நூல்களும் மகாநாடுகளும் பயிற்சிகளும் நடத்தி, ஏறக்குறைய எழுபது ஆண்டு வாழ்ந்து, கடன் சுமையினால் 2025 ஜனவரியில் மூடப்பட்டன. ஜெர்மனியில் 1978 இல் எழுந்த டெக்கொம் என்னும் சங்கம் இன்றும் உரத்தோடு நடக்கின்றது. இச்சங்கங்கள் செய்த உபகாரங்களுள் தலையாயது, பிற நாட்டாருக்கு எழுதுவது எப்படி என்பதை ஒரு பயிற்சியாக ஆக்கியது. எந்த நிறம் எந்த நாட்டில் என்ன பொருள்படும், திகதியையும் அளவையும் எப்படிக் குறிக்கவேண்டும், உத்தரவிடுவது போன்ற வாக்கியத்தை எந்தச் சமூகத்தார் அவமதிப்பாகக் கொள்வர் என்பன போன்ற செய்திகளை, ஒவ்வொருவரும் விபத்துக்குப் பின் கற்றுக்கொள்ளாமல், முன்னோரின் அநுபவத்திலிருந்தே இளைஞர் பெற வழி செய்தனர்.

ஆயினும், இக்கல்வியை மேனாட்டாரிடமிருந்து முதன்முதலாகக் கற்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. அமெரிக்கர் சங்கம் காண்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இக்கல்வி நடந்தது. அதனை நடத்தியவரும் ஓர் அமெரிக்கரே என்பது உண்மை. ஆனால் அவர் கற்பித்ததைக் காட்டிலும் கற்றது குறைவன்று.

மசாசுசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் என்னும் ஊரில் 1822 இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், வைத்தியம் பயின்று, 1847 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்து யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்த்ததோடு மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் கெட்டிக்காரர்கள், நன்கு கற்றுத் தேறினர். தேறியதும், ஆங்கிலம் வல்ல வைத்தியருக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் எளிதிற் கிடைத்தமையால், பலர் தூரப் பட்டினங்களுக்குப் போய்விட்டனர். எந்தக் கிராமத்தாருக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்டு வந்த கிறீன், ஆழ்ந்து யோசித்து, இனி மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்தார். ஒரு சாஸ்திரம் எந்த மொழியிற் கற்பிக்கப்படுகின்றதோ அம்மொழி பேசும் ஊரில் அது தங்கும் என்ற உண்மையை அவர் அநுபவத்திற் கண்டார். அக்காலத்தில் அவருடைய தேசத்தார் பலர் இதனை ஒப்பவில்லை. சாஸ்திரத்தைத் தாங்கும் வலிமை சுதேச பாஷைகளுக்கு இல்லை என்பதே பொதுவான எண்ணம்.

கற்பிக்கத் துணிந்தால் நூல் வேண்டும். ஆகவே நூல்களை ஆக்கினார்கள். ஆக்கினார் என்று ஒருமையிற் சொல்வது பொருந்தாது. இவ்விடத்தை நம்மவர் கூர்ந்து நோக்கவேண்டும். தம்மிடம் பயின்ற தமிழ் மாணாக்கரையும் வைத்தியரையுமே மொழிபெயர்ப்புக்குத் துணையாகக் கொண்டார்; அவர்கள் எழுதினர், அவர் திருத்தினார், அவர் எழுதியதை அவர்களும் திருத்தினர். சுதேச வைத்தியருடைய நூல்களிலும் பேச்சிலும் ஏற்கெனவே வழங்கிய பெயர்களுக்கு முதலிடம் தந்து, அங்கே கிடையாதவற்றுக்கு வடமொழியை நாடி, அதிலும் அமையாதபோதே ஆங்கிலப் பெயரைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்து எடுத்துக்கொண்டனர். இலண்டனில் 1858 இல் முதன்முறை வெளிவந்த கிறே என்பவரின் சரீரசாஸ்திர நூல், பதினான்கு ஆண்டுகளுக்குள், 1872 இல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரோடு தமிழில் அச்சாயிற்று. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம், மருந்துப் பொருள்கள் என ஒவ்வொரு துறைக்கும் நூல் எழுந்து, 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்திய இலக்கியம் தமிழுக்குக் கிடைத்தது. 1873 இல் உடல்நலங் குன்றி ஊர் திரும்பிய பின்னரும் அவர் இவ்வேலையை விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த தம் சகாக்களோடு கடல்கடந்து கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டே திருத்தி முடித்தார். அவ்வாறு முடித்த 'மனுஷ சுகரணம்' என்னும் நூல் 1883 இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்கவேண்டுமென்று அவர் விரும்பியபடியே அந்தத் தூரதேசத்துக் கல்லிற் பொறிக்கப்பட்டது.

கிறீனுடைய பயிற்சியில் என் உள்ளத்தைக் கவர்வது இன்னொன்று. தம் மாணாக்கர் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பவே வந்தவர் அவர். ஆயினும், தமிழர் தமிழராகவே இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். நோயாளியின் திண்ணையில் இருந்து, அவர் உண்ணும் உணவின் பேரைச் சொல்லிப் பத்தியம் விதிக்கவேண்டிய வைத்தியர், தோற்றத்தால் அந்நியராகிவிட்டால் அவருடைய வார்த்தைக்கு அங்கே மதிப்பிராது என்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும். இன்று பெரிய நிறுவனங்களில் பெருஞ் செலவில் நடக்கும் பண்பாட்டுப் பயிற்சிகளின் சாரம் இதைவிட வேறு என்ன?

60க்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்றனர். அப்படியிருந்தும் தமிழில் வைத்தியம் கற்பிக்கும் அம்முறை அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் ஆரம்பமான அரசாங்க வைத்தியக் கலாசாலை ஆங்கிலத்திலேயே கற்பித்தது. உத்தியோகமும் அவ்வழியே கிடைத்தது. இதற்குக் காரணம் பல சொல்லலாம். என் அபிப்பிராயத்தில், மானிப்பாயில் ஒரு குருவும் சீடர்களும் இருந்தனர். குரு போன பின்பும் கூடிப் பேசி, நூல்களைப் புதுப்பித்து, இளைஞரைச் சேர்க்கும் ஒரு சங்கம் அங்கே உருவாகவில்லை. இது அவர்களைக் குறைகூறச் சொல்லும் வார்த்தையன்று. நாம் படிக்கவேண்டிய பாடம் அங்கே இருக்கின்றது.

சங்கத்தின் அருமையை உணர்ந்தோர் பின்னர்த் தோன்றினர். சேலத்தில் 1916 இல் இராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் சாஸ்திர பரிபாஷைக்காக ஒரு சங்கம் கூட்டிப் பத்திரிகையும் நடத்தினர். 1934 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் எழுந்தது. அதன் உயிராக உழைத்தவர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. அச்சங்கத்தின் முயற்சியால் 1936 இல் சென்னையிற் சொல்லாக்க மகாநாடு கூடியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் நமது கிழக்கிலங்கையின் விபுலாநந்த அடிகள். திருகோணமலையாருக்கு அவர் அந்நியரல்லர். இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கவனித்துவந்த காலத்தில் திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்தெடுத்த பெருமை அவருக்கு உண்டு. காரைதீவிற் பிறந்து, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறி, கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பின்னர்த் துறவு பூண்டு, இமயமலைச் சாரலில் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்த அவரைப் போல, விஞ்ஞானியின் பேச்சும் பண்டிதரின் பேச்சும் குடியானவரின் பேச்சும் ஒருங்கே கைவந்தவர் அரியர். அம்மகாநாட்டின் பயனாக 1938 இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதி, பல துறை ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து வாதித்து இணங்கியதன் விளைவு. ஒரு மனிதர் இறந்தால் முடங்கிப்போகும் வேலை அது அன்று. பின்னாளில் பெரியசாமித் தூரன் ஆசிரியராயிருந்த கலைக்களஞ்சியமும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக, இப்படிப் பலர் கைகூடி எழுந்ததே.

இவ்வளவு முன்னோரை உடைய நமக்கு இன்று இருப்பது என்ன என்று நோக்கினால், சாம்பல்தீவுத் தோட்டமொன்றின் கொட்டிலில் தொங்கும் பூச்சிமருந்துப் போத்தலே விடை சொல்லும். அதன் சிட்டையில் மூன்று மொழியிலும் எழுத்து உண்டு. நச்சுத்தன்மையைக் காட்டும் நிறப்பட்டியும் அடியில் உண்டு. தமிழ்ப் பகுதியைத் தேடிக் கண்டால், எழுத்து எறும்பளவு. ஒரு ஹெக்டேயருக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று கணக்கு. அத்தோட்டக்காரரோ நிலத்தை ஏக்கரிலும் அதன் காலிலும் எண்ணுபவர். மருந்தைத் தோளிற் சுமக்கும் தாங்கியால் கணக்கிடுபவர். போத்தலின் மூடியே அவருக்கு அளவுபாத்திரம். ஒரு தாங்கிக்கு எத்தனை மூடி என்பதே அவர் அறியவேண்டியது. அதனைச் சிட்டை சொல்லாதபடியால் கடைக்காரரைக் கேட்கிறார். கடைக்காரர் தம் அநுபவத்தில் ஒன்றைச் சொல்லுகிறார். ஆகவே அச்சிட்ட வாசகம் சட்டத்துக்கு விடையாக ஒட்டியிருக்க, தோட்டத்தை நடத்துவது கடைக்காரரின் வாய்மொழியே. அச்சிட்டையை எழுதியவர் ஒரு மாலைப்பொழுது அந்தக் கொட்டிலில் உட்கார்ந்து, தோட்டக்காரர் மருந்து கலப்பதைப் பார்த்திருந்தால், மூடிக்கணக்கை முதல் வரியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்.

கடலிலும் இவ்வாறே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைத்து, அதனதன் குணத்தைப் பரம்பரையாக அறிந்து வைத்திருக்கும் கடற்றொழிலாளருக்கு, தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற அறிவித்தல் கேட்கின்றது. வானிலை நிபுணரின் அளவு சரியானதே. அதனை நீக்கச் சொல்வார் இல்லை. அதனருகே கடலோடியின் பெயரையும், சிறிய வள்ளங்கள் போகலாமா ஆகாதா என்ற தெளிவான தீர்ப்பையும் சேர்த்தால் அறிவித்தல் நிறைவெய்தும். இக்கரையில் தமிழ் பேசுவோர் மட்டும் தொழில் செய்வதுமில்லை. பருவகாலத்தில் மேற்குக் கரையிலிருந்து சிங்களத் தொழிலாளர் வந்து வாடி போடுவர். முஸ்லிம் மக்களின் தமிழுக்கோ தனி வழக்குகள் உண்டு. 2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் அரசாங்க சேவையிற் சேர்வோர் மற்ற அரசகரும மொழியையும் குறித்த காலத்துக்குள் கற்கவேண்டும் என்ற சுற்றறிக்கை நல்லதொரு தொடக்கம். பரீட்சையில் தேறிய மொழியறிவோடு, கரைவலை இழுக்கும் இடத்தில் அரை நாள் நின்று கேட்ட மொழியறிவும் சேரவேண்டும்.

இதற்குப் பெருந்திரவியம் தேவையில்லை. எழுதிய பிரசுரத்தை அச்சுக்கு அனுப்புமுன், அதனை உபயோகிக்கப்போகும் நாலைந்து பேரிடம் கொடுத்து, உரக்க வாசித்து அதன்படி செய்து காட்டுங்கள் என்று கேட்பதே இப்பயிற்சியின் முதற்படி. விளங்கிற்றா என்று கேட்டால், மரியாதைக்காக எவரும் விளங்கிற்று என்றே சொல்வர். நம்மவரின் சுபாவம் அது. கையாற் செய்து காட்டச் சொன்னால்தான் எந்த வரியில் தடுமாறுகிறார் என்பது தெரியும். தடுமாறிய இடத்தைத் திருத்தவேண்டியவர் எழுத்தாளரே. இவ்வாறு திருத்திய அநுபவங்களை மாதம் ஒருமுறை கூடிப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு சங்கம் இருந்தால், ஓர் ஊரில் ஒருவர் கற்றது பத்து ஊருக்குப் பயன்படும்.

அச்சங்கத்துக்கு ஏற்ற இடம் சாம்பல்தீவுக்கு அணித்தே இருக்கின்றது. அதே நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. தொடர்பாடலும் மொழியும் கற்பிக்கும் பீடம் அங்கே உண்டு. சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றது. மூவினத்து மாணாக்கரும் அங்கே பயிலுகின்றனர். வீதியில் இறங்கினால் கடற்றொழிலாளர் சங்கங்களும், விவசாயிகளும், கிராம ஆஸ்பத்திரிகளும். அவ்வளாகத்து ஆசிரியர்களையும், திணைக்களங்களில் இருந்து மொழிபெயர்க்கும் உத்தியோகத்தரையும், கணினி நிறுவனங்களில் எழுதிப் பழகி வெளிநாடுகளில் வாழும் நம் இளைஞரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: அடுத்த வாடைக்காற்றுக் காலம் தொடங்குமுன் ஒரு நாள் சாம்பல்தீவிற் கூடுங்கள், கடல் எச்சரிக்கை ஒன்றையும் மருந்துச் சிட்டை ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், அவ்வூராரை அருகில் இருத்தி அவ்விரண்டையும் அவர்களோடு சேர்ந்து திரும்ப எழுதுங்கள்.